மருதப்பன் கொண்டுவந்த குப்பி

ஒருவனுக்கு மட்டும் சோறு வடிப்பது லேசான வேலை இல்லை ஐயா. அரிசியை எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலையும் அதையே தின்ன வேண்டும், அதையும் தனியாக. நீங்கள் குடும்பஸ்தர், உங்களுக்கு இது தெரிய நியாயமில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் மொழிபெயர்க்க வந்தது என் அதிர்ஷ்டம். நான் சொல்வதைப் போலீஸ் துரையிடம் அப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

என் பெயர் சுந்தரம். சிராங்கூன் ரோட்டில் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் மருந்துசாலையில் டிரெஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், மருந்து கலப்பேன். சிறுநீரையும் சீழையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதும் என் வேலைதான். டாக்டருக்கு என் கண் மேல் நம்பிக்கை. நான் சொன்னால் அவர் மறுபடி பார்ப்பதில்லை.

மருதப்பன் தஞ்சோங் பகார் கப்பல் துறையில் மூட்டை தூக்குகிறவன். மாட்டுக் கொட்டில்களுக்குப் பின்னால் ஒரே அறையில் நாங்கள் இருவரும் பல வருஷம் இருந்தோம். தோள் கன்றிப்போய் வருவான். நான் எண்ணெய் காய்ச்சித் தடவுவேன். "அண்ணே, இன்னிக்கு உங்க ரசம் கடல் தண்ணிதான்" என்று கேலி பேசிக்கொண்டே இரண்டு தம்ளர் குடிப்பான். எனக்கு ஊரில் ஒரு ஈ காக்காய் கிடையாது. கூடப் பிறக்காத தம்பி என்று சொல்வார்களே, அவன் எனக்கு அப்படி.

பிறகு அவன் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டான். வேலை போய்விடுமே என்று முதலில் அவன் மட்டும் திரும்பி வந்தான். பெண்சாதி பவளம் அடுத்த கப்பலில் வந்தாள். கப்பலில் யாருக்கோ அம்மை கண்டதால் எல்லாரையும் தீவில் இறக்கித் தடுத்து வைத்துவிட்டார்கள். அவளும் அங்கே கிடந்துவிட்டுத்தான் கரை சேர்ந்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அதே சந்தின் கோடியில் அவர்கள் வேறு அறை பிடித்தார்கள். பவளத்தின் மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மீன் குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். வாசலில் வைத்து, "அண்ணே, குழம்பு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள். நல்ல கைப்பக்குவம். ஆனால் வைத்துவிட்டுப் போவதற்கும் கூட உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது ஐயா. அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

கொஞ்ச நாளில் பவளத்துக்கு நீர் இறங்கும்போது எரிச்சல் கண்டது. அடிக்கடி போக வேண்டும் போலிருக்கும், போனால் சொட்டுச் சொட்டாக எரியும், அடிவயிறு கடுக்கும். புதிதாகக் கல்யாணமான பெண்களுக்கு இது சகஜம். நீர்க்கடுப்பு என்போம். மேகவெட்டை என்று இன்னொன்று இருக்கிறது, கெட்ட சகவாசத்தில் தொற்றுவது. அதிலும் எரியும். அதில் சீழ் கசிவதுண்டு, புருஷனுக்கும் ஒட்டிக்கொள்வதுண்டு. ஆனால் பெண்களிடம் சில வேளை வெளியே ஒன்றுமே தெரியாது. ஆகவே எரிச்சலை மட்டும் வைத்து இது அது என்று பிரிக்க முடியாது. மைக்ராஸ்கோப் கண்ணாடியில் பார்க்க வேண்டும். வெட்டைக் கிருமி இரண்டு மொச்சைப் பருப்பு ஒட்டிக் கிடப்பது போல ஜோடி ஜோடியாக இருக்கும்.

நம் பெண்கள் இதற்கெல்லாம் டாக்டரிடம் வருவதில்லை. புருஷன்தான் குப்பியில் நீரைக் கொண்டுவருவான், புருஷன்தான் பதிலை வாங்கிப் போவான். அவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. மருதப்பனும் அப்படித்தான் குப்பியோடு வந்தான்.

"சூடுதானேண்ணே? வெந்தயம் ஊறப்போட்டுக் குடுத்தேன், கேக்கல."

நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"மருதப்பா, நீ மலாய் ஸ்ட்ரீட் பொம்பளைங்ககிட்ட ஏதும் போனியா?"

"சத்தியமா இல்லண்ணே. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"உனக்கு எரிச்சல், சீழ், ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஏன்?"

நான் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். நிதானமாகத்தான் கழுவினேன்.

"அவ வந்த கப்பல்ல கூட யாரு வந்தா? தீவுல ரொம்ப நாள் இருந்தாளோ?"

அவ்வளவுதான் ஐயா. எந்த டிரெஸ்ஸரும் கேட்கிற கேள்விகள். பவளத்தைப் பற்றி ஒரு சொல் தப்பாக நான் சொல்லவில்லை. மருதப்பன் பெஞ்சில் உட்கார்ந்து விரல்விட்டு நாள் எண்ணினான். கடைசியில், "வெட்டையாண்ணே?" என்று கேட்டான்.

"வெளிய சொல்லாத, மானம் போயிரும்" என்றேன்.

மருந்துகூடக் கேட்காமல் எழுந்து போனான். சாயங்காலம் பாயைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தான். உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி சேர்த்தேன். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். பாவமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன், அன்றைக்கு என் மனம் நிறைந்திருந்தது. சோறு மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் பவளம் தானாகவே மருந்துசாலைக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பெஞ்சைப் பிடித்தபடி நின்றாள். உடம்பு நடுங்கியது.

"அண்ணே, எனக்கு என்ன நோவு? அவரு என் முகத்தையே பாக்க மாட்டேங்கிறாரு. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"வேற என்ன செய்யுது?"

"குளிருது. முதுகுல விலாவோரம் குத்திக் குத்தி வலிக்குது. எரியுதேன்னு தண்ணியே குடிக்கிறதில்ல."

எரிச்சலுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது எல்லாப் பெண்களும் செய்கிற தப்பு. கடுப்பு மேலே ஏறி, நீரைப் பிரிக்கிற குண்டிக்காயைப் பிடித்துவிட்டால் இப்படித்தான் குளிரும் வலியும் வரும். வேண்டிய மருந்து எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. கொடுத்தால், இது எதற்கு என்று மருதப்பன் கேட்பான். என்ன பதில் சொல்வது?

"சூடும்மா. போய்ப் படு, சரியாயிரும்" என்றேன்.

"நீங்களாச்சும் அவருகிட்டச் சொல்லுங்கண்ணே. இந்த ஊர்ல எனக்கு வேற யாரு இருக்கா?"

யாரும் இல்லாமல் இருப்பது என்ன பாடு என்று என்னைவிட அறிந்தவன் யார்? எனக்கு அவள் மேல் மெய்யாகவே இரக்கம் வந்தது. அவள் கும்பிட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள். அன்று இரவு மருதப்பன், "அவளப் பாத்தீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவனுக்கு மீன் தலை பிடிக்கும். அதை அவன் தட்டில் வைத்தேன்.

பவளத்தின் பக்கத்து அறை நஃபீசா பீவிதான் அவளை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. காய்ச்சலில் பிதற்றிக்கொண்டே உயிரை விட்டாள். தகவல் கேட்டு ஓடிய மருதப்பன் அங்கே இருந்த டாக்டரிடம், வெட்டை என்று சொல்லியிருக்கிறான். டாக்டர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, அது இல்லவே இல்லை, கடுப்பு முற்றிக் குண்டிக்காய் கெட்டுத்தான் செத்தாள் என்றாராம். மருதப்பன் அறைக்கு வந்தான். என்னை அடிக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அவன்தான் உங்களிடம் புகார் கொடுத்தான் என்கிறீர்கள். அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவனாகச் செய்யமாட்டான்.

கண்ணாடியில் என்ன பார்த்தேன் என்று துரை கேட்கிறாரா? சொல்கிறேன். மொச்சை ஜோடி ஒன்றுகூட இல்லை. கோல் கோலாக இருக்கிற சாதாரணக் கிருமிதான். வெறும் நீர்க்கடுப்பு. பார்த்த நிமிஷமே எனக்குத் தெரியும். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றபோது, மருந்தில்லாமல் போனால் பிழைக்கமாட்டாள் என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஓர் உதவி மட்டும் ஐயா. மருதப்பன் வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நேற்றிலிருந்து சாப்பிட்டிருக்கமாட்டான். காலையில் சோறு வடித்து மூடி வைத்துவிட்டுத்தான் வந்தேன், இரண்டு பேருக்கு. சாவி நிலைக்கு மேலே இருக்கிறது என்று சொல்லுங்கள். இனிமேல் அவனும் ஒண்டிக்கட்டைதானே. ஒருவனுக்கு மட்டும் வடிக்க அவனுக்குத் தெரியாது.