சிட்டு பேர்ல வந்த மெயில்

இல்லம்மா, வைரஸ் எல்லாம் ஒண்ணும் கிடையாது. கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. அழிச்ச மெயில் ஒண்ணு திரும்ப வேணும், அவ்வளவுதான். ஆமா, நான்தான் அழிச்சேன். நாப்பது நாள் இருக்கும். குப்பையிலயும் இல்ல, பாத்துட்டேன். ஆனா இந்த மாதிரி பழைய பெட்டியில உள்ளுக்குள்ள ஒரு காப்பி தங்கியிருக்கும், தெரிஞ்சவங்க தேடினா கிடைக்கும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதான் ஆட்டோ புடிச்சு உங்க ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டு வந்தேன். உக்கார ஒரு ஸ்டூல் கிடைக்குமா? முட்டி படுத்துது. மழை வரப் போகுது போல.

பெட்டி எங்கப்பாவோடது. பாஸ்வேர்டா? எழுதிக்கோ. சிட்டு. இங்கிலீஷ்லதான், எல்லாம் சின்ன எழுத்து. பக்கத்துலயே அவ பொறந்த வருஷம். அவன்னா, என் தங்கச்சி.

அந்த மெயில் அக்கவுண்ட்டத் தொறந்து குடுத்ததே நான்தான், தெரியுமா. பாஸ்வேர்டு என்னப்பா வைக்கலாம்னு கேட்டேன். மனுஷன் ஒரு நிமிஷமாவது யோசிச்சிருக்கலாம்ல? சிட்டுன்னார். பெத்த பொண்ணு பேரெல்லாம் வைக்கக் கூடாதுப்பா, எவனும் சுலபமா கண்டுபிடிச்சிடுவான்னேன். அது பேர் இல்லியே, நான் கூப்பிடறதுதானேன்னார். என்னைய என்னன்னு கூப்பிடுவார்னு கேக்கறியா? பெரியவளே. அவ்ளோதான். அதுல செல்லம் எங்க இருக்கு? கியூவுல எத்தனாவது ஆளுன்னு சொல்ற மாதிரி.

அவ அப்பாகிட்ட கோச்சுக்கிட்டு வெளிநாடு போயி ஆறு வருஷம் ஆச்சு. போன் இல்ல, ஒண்ணும் இல்ல. மாத்திரை எடுத்துக் குடுக்கறது நான், நகம் வெட்டி விடறது நான். ஆனா சாப்பாட்டு மேஜையில அவ நாற்காலிய ஒரு ஓரமா நகத்திப் பாரேன். வீட்ட ரெண்டாக்கிடுவார்.

கேளு, போலி மெயில் புடிக்கறதுல எங்க ஆபீஸ்ல நான்தான் ஒண்ணாம் நம்பர். மாசா மாசம் அவங்களே ஒரு போலி மெயில் அனுப்பி விடுவாங்க, யார் யார் ஏமாறறாங்கன்னு பாக்க. எங்க மேனேஜரே ரெண்டு தடவ மாட்டியிருக்கார். நான் ஒரு தடவ கூட இல்ல. சர்டிபிகேட் குடுத்தாங்க. ஆசையா கொண்டு வந்து அப்பா கையில குடுத்தேன். முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்துட்டு, சிட்டு இருந்தா இத ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பான்னார். பாத்துக்கோ. என் சர்டிபிகேட்டுக்குள்ளயும் அவதான் வந்து நிக்கறா.

அதுக்கப்புறம் ஒரு நாள், அப்பா, ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டேன், பர்ஸ் தொலைஞ்சு போச்சு, உடனே பணம் அனுப்புங்க, அக்காகிட்ட சொல்லாதீங்கன்னு ஒரு மெயில். கீழ அவ முழுப் பேர். அப்பா இடது வலது பாக்காம செருப்ப மாட்டிக்கிட்டு பாங்குக்குக் கிளம்பிட்டார். வாசல்ல மடக்கினேன். உடனேன்னு அவசரப்படுத்தறான் பாருங்க, யார்கிட்டயும் சொல்லாதேங்கறான் பாருங்க, பேர் மேல மவுஸ வெச்சா வேற ஏதோ கண்ட அட்ரஸ் காட்டுது பாருங்க, உங்க பொண்ணு என்னிக்குப்பா உங்களுக்கு முழுப் பேர் போட்டு எழுதினான்னேன். அப்படியே படியில உக்காந்துட்டார். நல்ல வேள நீ இருந்தேன்னு சொல்லணும்ல? அப்ப சிட்டுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, அது போதும்னார்.

நீ தேடறது அது இல்ல. இது அடுத்த மாசம் வந்துச்சு. ஆங், அந்தத் தேதிதான், அதுக்கு ஒரு நாள் முன்னாடி பின்னாடி பாரு.

அப்பாவுக்கு ஸ்கிரீன் கண்ணு கூசும், நான்தான் வாசிச்சுக் காட்டறது. இதுல அவசரம் இல்ல, பணம் கேக்கல, அமுக்கச் சொல்லி லிங்க் எதுவும் இல்ல. நல்லா இருக்கேன்ப்பா, கோவமெல்லாம் போயிடுச்சு, வந்து பாக்கட்டுமா, ஒரு வார்த்த எழுதுங்க, எழுதலன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்னு இருந்துச்சு. நான் படிக்கப் படிக்க அவர் மூஞ்சியப் பாக்கணுமே. ஆறு வருஷமா நான் சமைச்சுப் போட்டு, பேசிப் பேசிப் பாத்தும் வராத சிரிப்பு, நாலு வரியில வந்துடுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுதும்மா. உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது, பத்திக்கிட்டு எரிஞ்சுது.

இது நெசமா பெரியவளேன்னு கேட்டார். என்னையத்தான கேப்பார்? சர்டிபிகேட் வாங்கினவ நானாச்சே. போலிப்பா, மொதல்ல இப்படித்தான் பாசமா பேசுவாங்க, பதில் போட்டா அடுத்ததுல பணத்துக்கு வருவாங்கன்னேன். ஸ்பேம்னு அடிச்சேன், அங்கேந்தும் அழிச்சேன். சரின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நேத்து காலையில பல் தேய்ச்சுட்டு வந்து நிக்கறார். பெரியவளே, அந்தப் பொய் லெட்டர இன்னொரு தடவ படிச்சுக் காட்டேன், பொய்யா இருந்தா என்ன, நல்லா எழுதியிருந்தான்னார். நான் நெசமா எதிர்ல நிக்கறேன்மா. கையில அவருக்குக் காபி வேற. அவருக்கு அவ பேர்ல வந்த பொய் போதும்.

என்ன, கிடைச்சிடுச்சா? எங்க, இப்படித் திருப்பு. ஆமா, இதேதான். ஆபத்துன்னு மேல செவப்புப் பட்டை காட்டுதா? நான் ஸ்பேம்னு அடிச்சேன்ல, அதனால. நீ தைரியமா தொற, ஒண்ணும் ஆகாது. அது போலி இல்ல. அன்னிக்கே எனக்குத் தெரியும்.

கீழ, கடைசி வரிக்கு முந்தின வரியப் பாரு. அக்காவுக்கு மழை நாள்ல இன்னும் முட்டி வலிக்குதாப்பா, அன்னிக்கு சைக்கிள்லேந்து விழுந்தப்ப அடிபட்டது அவளுக்குத்தான், எனக்கு ஒண்ணுமே ஆகல, சும்மா அழுத என்னத் தூக்கிட்டு ஓடிட்டீங்கன்னு எழுதியிருக்கா, பாத்தியா? எந்தத் திருட்டுப் பயலுக்கும்மா என் முட்டியப் பத்தித் தெரியும்? அந்த வரிய மட்டும் நான் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டல.

ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு. எழுத்து நல்லாப் பெருசா இருக்கட்டும், இந்தத் தடவ அவரே படிக்கட்டும். மேல அவளோட புது மெயில் அட்ரஸ் இருக்குல்ல, அதுவும் சேந்து விழணும், பதில் எழுதணும். என்னப் பத்தி என்ன வேணா நெனச்சுக்கட்டும்.

இரு, எந்திரிக்கறேன். முட்டிதான், வேற ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுல இது வலிக்குதான்னு கேட்டது அவ ஒருத்திதாம்மா.