செலவும் சௌகரியமும்

விடுமுறைக்கு இடம் வாங்கப் போகிறவர்கள் முதலில் குளியலறைக் கதவைத் திறந்து பார்ப்பார்கள், ஐயா. நான் சுவிட்ச் போர்டைப் பார்ப்பேன். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு அந்தப் புத்தி எங்கே போகும்? என் மனைவி முதல்முதலாகத் தன் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனபோது, அவள் அப்பாவுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே மெயின் ஃபியூஸை எட்டிப் பார்த்தேனாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். போன மாதம் வரைக்கும் சிரித்தாள்.

அந்த டைம்ஷேர் விவகாரத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு காட்டேஜ், அதற்குச் சொந்தக்காரர்கள் ஐம்பது பேர். ஆளுக்கு வருடத்தில் ஒரு வாரம். இருபத்தைந்து வருடத்துக்கு அந்த வாரம் உங்களுடையது. மொத்தமாக ஒரு தொகை, அப்புறம் வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம். நல்ல பருவம் என்றால் விலை ஏறும், மழைக்காலம் என்றால் பாதிக்குப் பாதி. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் நான் அவசரப்படவில்லை.

ஆசைப்பட்டது என் மனைவிதான். அதையும் சொல்லிவிடுகிறேன், அவளைக் குற்றம் சொல்வதற்காக இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணனின் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அது இருபத்துநாலு மணி நேரமும் ஒரு சத்தம் போடும், பழைய ஃபிரிட்ஜ் மாதிரி. அந்தச் சத்தத்தில்தான் சாப்பிட்டோம், தூங்கினோம், சண்டை போட்டோம். சண்டையைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் போட்டோம், அவர் காதில் விழக் கூடாதே என்று.

"ஒரு வாரமாவது வேற சுவத்தைப் பாக்கணும்ங்க," என்றாள் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே. "மாமாவையும் கூட்டிட்டுப் போவோம். அவரும் மனுஷன்தானே."

அண்ணன் கார் பட்டறையில் பெயின்ட் அடித்தவர். நான் டெக்னிக்கல் ஸ்கூலில் படித்த காலத்தில் ஓவர்டைம் பார்த்தார், மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு. அந்த ஓவர்டைமில் நான் மெக்கானிக் ஆனேன், அவர் நுரையீரல் போனது. இதை யாரும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. அவர் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

அண்ணி செத்துப்போன பிறகு அவர் எங்களிடம் வந்தார். பிள்ளைகள் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் தங்கை வாரம் தவறாமல் போன் பண்ணுவாள். "சின்னண்ணா, நீ தெய்வம்," என்பாள். தெய்வத்துக்கு முட்டி வலி உண்டு, தெய்வம்தான் மலஜலம் எடுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் போனில் தெரியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். மெஷினோடு வருகிற நோயாளியை எந்த இல்லமும் சேர்த்துக்கொள்ளவில்லை. கேட்டுப் பார்த்தேன். கடைசியாகக் கேட்ட இடத்தில், "சொந்தத் தம்பி இருக்கும்போது இங்க எதுக்குங்க?" என்றார்கள். திரும்பி வந்தேன்.

எனக்குச் சலித்துவிட்டது, ஐயா. அண்ணன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் இருந்தது, சலிப்பும் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சரி, இடத்துக்கு வருகிறேன். கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று கடற்கரையில். லிஃப்ட் உண்டு, எல்லா அறைக்கும் ஜெனரேட்டர் உண்டு, வாசலைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. விலை அதற்குத் தகுந்த மாதிரி. இன்னொன்று மலைமேல், மழைக்கால வாரம். விற்பனைப் பெண் நல்ல பெண், ஒளிவுமறைவு இல்லாமல் பேசினாள்.

"முன்னாடியே சொல்லிடறேன் சார், அப்புறம் சண்டைக்கு வரக் கூடாது. மழை நேரத்துல கரண்ட் போகும். ஜெனரேட்டர் ரிசப்ஷனுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் மட்டும்தான். காட்டேஜுக்கெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரின்னா கீழ இறங்கணும்."

"அடிக்கடி போகுமா?" என்று கேட்டேன்.

"அது மழையைப் பொறுத்தது சார்."

நான்கைந்து காட்டேஜைக் காட்டினாள். எல்லாவற்றிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. கோடியில் இருந்த ஒன்றில் மட்டும் பழைய வயரிங், போர்டு நெஞ்சு உயரத்தில். நின்றால்தான் எட்டும். சின்னக் குழந்தைகள் இருக்கிற குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்றாள் அந்தப் பெண். எங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இல்லை. அந்தக் காட்டேஜே இருக்கட்டும் என்றேன்.

டாக்டரிடமும் கேட்டேன். பொறுப்பான ஆள் கேட்கத்தானே வேண்டும். "மலையெல்லாம் வேண்டாங்க, உயரம் அவருக்கு ஆகாது," என்றார். மெஷின் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று கேட்டேன். "இருக்கிற நிலைமைக்கு ரொம்ப நேரம் தாங்காது. கையில எப்பவும் ஒரு சின்ன சிலிண்டர் வெச்சுக்கங்க," என்றார். வீட்டுக்கு வந்து, சிலிண்டர் ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னார் என்று சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

தங்கை போனில் இரண்டு இடத்தையும் விசாரித்தாள். "கடற்கரையே எடு சின்னண்ணா. மீதிப் பணத்தை நான் போடறேன். பெரியண்ணா சௌகரியமா இருக்கட்டும்."

"உன்கிட்ட கை நீட்டற நிலைமை எனக்கு இன்னும் வரலைம்மா," என்றேன். அவள் அழுதாள். என் ரோஷத்தை மெச்சி அழுதாள் என்று நினைக்கிறேன்.

ஏன் டைம்ஷேர், ஒரு தடவை போய்வந்தால் போதாதா என்று நேற்றுக் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். ஒரு தடவை போவது என்றால் அந்த ஒரு தடவையில் நான் ஏதாவது செய்தாக வேண்டும். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. இருபத்தைந்து வருடம் என்றால் நான் எதுவும் செய்ய வேண்டாம். மழை பார்த்துக்கொள்ளும்.

முதல் வருடம் போனோம். அண்ணனுக்கு வண்டியிலேயே வாயெல்லாம் சிரிப்பு. "என்னையுமா கூட்டிட்டுப் போற? நிஜமாவா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். வராந்தாவில் உட்காரவைத்தோம், மூக்கில் குழாய், காதுவரை கம்பளி. மேகம் படியேறி வந்ததைப் பார்த்தார். "சின்னவனே, வாடகை குடுக்காம உள்ள வருது பாரு," என்றார். என் மனைவி அவருக்குத் தலை சீவிவிட்டாள். அந்த வாரம் நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருந்தோம், அது உண்மை. வாரம் முழுக்க ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை. கிளம்பும்போது ரிசப்ஷனில், குறை ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இருந்தாலும் அந்த விடுதியின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல்.

வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து அண்ணன் அடுத்த மழைக்காலத்தை எதிர்பார்க்க ஆரம்பித்தார். போர்வையை எல்லாம் அவரே எடுத்து வைக்கச் சொன்னார். நானும் எதிர்பார்த்தேன். வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் அந்த வாரத்தின் மேல் அவ்வளவு ஆசை.

இந்த வருடம் போனபோது சிலிண்டரைக் காரிலேயே விட்டேன். அறையில் இடத்தை அடைக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். காட்டேஜ் மேட்டில் இருக்கிறது. கார் கீழே, சாப்பாட்டுக் கூடத்துக்கு எதிரில் நிற்கும். போய்வர நேரம் பிடிக்கும், என் முட்டிக்கு இன்னும் அதிகம். காரில் என் பழைய பையும் கிடந்தது, அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதை மாட்டியிருந்தால் பிளக் பாயின்ட் கட்டிலுக்கே வந்திருக்கும். ஞாபகம் வரவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். வந்தது, ஐயா.

அன்று மத்தியானமே இருட்டிவிட்டது. மழை. மனைவி சாப்பாடு வாங்கி வரக் கூடத்துக்கு இறங்கிப் போனாள், மழை வலுத்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். கரண்ட் போனது. மெஷின் ஒரு தடவை கூவிவிட்டு அடங்கியது. எத்தனையோ வருடமாகக் கேட்ட சத்தம் நின்றதும் எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

நான் எழுந்து பிளக்கைப் பிடுங்கினேன். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கரண்ட் போனால் முதலில் இணைப்பைப் பிரிப்பது எங்கள் தொழிலில் ரத்தத்தில் ஊறிய பழக்கம். திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறும், சாமான் போய்விடும். வீட்டில் இன்வர்ட்டர் இருந்ததால் மெஷினுக்கு அதைச் செய்யத் தேவைப்பட்டதில்லை. இங்கே கை தானாகப் போனது. அதுவரைக்கும் பழக்கம்தான். சத்தியமாகச் சொல்கிறேன்.

அண்ணன் பார்த்தார். "எதுக்குடா பிடுங்கற?"

"வரும்போது ஓவர் வோல்டேஜ் வரும்ணா. மெஷின் போயிடும்."

"ஆமாமா. ஆள் போனாப் பரவாயில்ல, மெஷின் முக்கியம்," என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. இருமி முடித்து, "கரண்ட் வந்ததும் போட்டுடு," என்றார்.

"கார்ல சிலிண்டர் இருக்கு. போய் எடுத்துட்டு வர்றேன்."

"மழைடா. குடை எடுத்துட்டுப் போ," என்றார்.

எடுத்துக்கொண்டு போனேன்.

காரில் ஏறி உட்கார்ந்தேன். சிலிண்டர் பின்சீட்டில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். குடையை மடியில் வைத்துக்கொண்டேன், பேன்ட் நனைந்தது. ஒரு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். எதிரில் கூடத்தில் ஜெனரேட்டர் வெளிச்சம். மேலே காட்டேஜ்கள் எல்லாம் இருட்டு. இருட்டாக இருக்கிறவரை இது மழையின் வேலை, மின்சாரக்காரர்களின் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது நியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் கரண்ட் வந்துவிட்டது.

இதைத்தான் நீங்கள் மின்சார ஆபீஸில் விசாரித்துத் தெரிந்துகொண்டீர்கள். சீக்கிரமே வந்துவிட்டது. மேட்டில் ஒவ்வொரு காட்டேஜாக விளக்கு எரிந்தது, கோடியில் எங்களுடையதும் எரிந்தது. விளக்கு எரிகிறது, மெஷின் ஓடாது. ஏன் ஓடாது என்று உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கட்டிலில் இருந்தார், இன்னொருவன் நான், காரில் இருந்தேன்.

கால் எழவில்லை, ஐயா. எழுந்திரு என்று சொன்னேன், எழவில்லை. அழுதேன்கூட. அண்ணனுக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை. உட்கார்ந்தே இருந்தேன், மழை விடுகிறவரை.

கூடத்து ஜன்னலிலிருந்து என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் ஏதோ ஓய்வெடுக்கிறேன், மாமா தூங்குகிறார் என்று நினைத்தாளாம். மழை விட்டதும் தூக்குப் பாத்திரத்தோடு எனக்கு முன்னால் மேடேறினாள். அவள் போட்ட சத்தம் கீழே வரை கேட்டது. அப்போதுதான் நான் சிலிண்டரை எடுத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினேன். என்னைப் பற்றி உங்களிடம் சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தங்கைக்குச் சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னேன். நீங்கள் காட்டேஜில் எடுத்த படத்தை மேஜையில் போட்டீர்கள். படம் வேண்டாம், நான் நேரில் பார்த்தவன். கட்டிலிலிருந்து இறங்கிச் சுவர் வரைக்கும் தவழ்ந்து போயிருக்கிறார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் பிளக். கை அந்தப் போர்டைப் பார்த்தபடி தூக்கியவாறே இருந்தது. நின்றிருந்தால் எட்டியிருக்கும். அவர் நின்றே வருடங்கள் ஆகிவிட்டன. அந்த உயரத்தை நான் பார்த்துத்தானே எடுத்தேன்.

ஆகவே, ஆமாம். கொன்றேன். மழை இல்லை, கரண்ட் இல்லை, நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும். தங்கை விமானம் ஏறிவிட்டதாகச் சொன்னீர்கள். அவள் வந்து கேட்டால் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும், என் வாயால் முடியாது. அண்ணனைச் சௌகரியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் எல்லா இடத்தையும் ஏறி இறங்கிப் பார்த்தேன். என்ன செய்வது, அந்தக் கடற்கரை விடுதி எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.