ரோட்டுக்கு முதுகு காட்டிய புலவர்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு வரும் ஃபெரியில், எனக்கு முன்னால் ஒரு கொத்தனாரும் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரும் நின்றிருந்தார்கள்.

"என்ன அண்ணே, உங்க தோட்டத்துல நீங்க வச்ச புலவர் சிலை ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதாமே?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"சாமிய கிழக்கப் பாத்துதானே வைப்போம் தம்பி? அந்தப் பழக்கத்துல வச்சிட்டோம். ரோடு மேற்கால இருக்குறத யாருமே யோசிக்கல."

"வெள்ளக்காரத் துரை சும்மாவா விட்டாரு?"

"பேத்துத் திருப்பி வைன்னாரு. சிமிட்டி காஞ்சிருச்சு, பேத்தா புலவரு கால் உடையும், நான் கை வைக்க மாட்டேன்னுட்டேன். தோட்டத்துச் சனமெல்லாம் கூலியில மிச்சம் புடிச்சி வச்ச சிலைலா!"

"அப்புறம்?"

கொத்தனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"புலவரு பேரு பீடத்துல முன்பக்கம்தானே வெட்டியிருக்கு? அதப் பாக்கணும்னு தொப்பியக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு, துரையும் நம்மள மாதிரியே சுத்தி வந்து கும்புடுற எடத்துல நின்னாரு."