மூன்று மணி வரை

அவையை ஆளும் தலைவர் நஞ்சுண்டசாமி அவர்களே, மகளிர் அணியின் மூத்தவர் கௌரம்மா அவர்களே, கொள்ளேகாலிலிருந்தும் ஹனூரிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, உலையை இறக்கிய கையோடு ஓடிவந்த தாய்மார்களே, ஹெப்பாள் ஆலைகளில் வேர்வை சிந்தும் என் உழைக்கும் உறவுகளே! உங்கள் முன் தலைதாழ்த்தி நிற்கிறேன்.

ஞாயிறுதோறும் இந்த மைசூரில் நம் மக்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அது தோளில் நெருப்பாய்க் கிடக்கிறது. ஏன் என்று சொல்லாமல் இறங்கினால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

நம் தமிழில் ‘மூன்று மணிக்கு’ என்கிறோம். ‘மூன்று மணியிலிருந்து’ என்கிறோம். ‘மூன்று மணி வரை’ என்கிறோம். அந்தச் சின்ன உறுப்புகள் சொல்லின் முதுகைப் பற்றிக்கொண்டு பின்னால் வரும். ஆங்கிலத்திலோ அவை தனியே, முன்னே நடக்கும். அட், ஃப்ரம், அன்டில், இன், ஆன், இன்டு. எறும்பளவுச் சொற்கள். நான் என்ன செய்தேன்? “சின்னச் சொற்கள்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று அந்தப் பாடத்தையே தாண்டினேன்.

வகுப்பில் இருவர் இருந்தார்கள். ஒரே ஆலையில், ஒரே பெல்ட்டில் அட்டைப்பெட்டி கட்டுகிறவர்கள். ஒருவர் மல்லப்பன், ஐம்பதைக் கடந்தவர், கடைசி வரிசைக்காரர். மற்றவர் ராணி. பாடத்தைத் தாண்டிய அன்று வகுப்பு முடிந்து நான் பஸ்ஸுக்கு ஓடும்போது ராணி வழிமறித்தார்.

“ஏனுங்க சார், அன்டில் மூணுன்னா, மூணுக்கு முந்தியா, பிந்தியாங்க?”

யாரோ சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். “மூணு வரைக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். கேட்டவருக்கு விடை கிடைத்தது. கேட்கக் கூச்சப்பட்டு நின்ற மல்லப்பனுக்கு?

பத்து நாள் கழித்து ஆலைப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு வரி: ‘பவர் ஆஃப் அன்டில் த்ரீ.’ மல்லப்பன் அதைப் படித்தார். பவர் தெரியும், ஆஃப் தெரியும், த்ரீ தெரியும். மூன்று மணிக்கு மின்சாரம் போகும் என்று கொண்டார். பெல்ட்டுக்குள் அட்டை சிக்கியிருந்தது. பெல்ட் ஏற்கெனவே நின்றுதான் இருந்தது; அட்டை சிக்கியதால் நின்றது என்று நினைத்தார். ஆனாலும் மெயின் மின்சாரமே போகட்டும் என்று அந்தக் கவனமான மனிதர் காத்திருந்தார். மணி மூன்றானது. கையை உள்ளே விட்டார்.

எதிர்முனையிலிருந்து ராணி பார்த்துவிட்டார்.

“அண்ணா, கைய எடுங்க.”

“மூணாயிப் போச்சில்ல அம்மிணி, கரண்டு போயிருக்கும்.”

“மூணு வரைக்குந்தாண்ணா இல்ல. இப்ப வந்துரும்.”

சொல்லிக்கொண்டே ஓடிவந்து தோளைப் பற்றி இழுத்தார். அந்த நொடியில் பெல்ட் உருண்டது. கையுறை உள்ளே போனது. கை வெளியே வந்தது.

கதை அங்கே முடியவில்லை, உறவுகளே. ‘அறிவிப்பைப் படிக்காதது என் தவறு’ என்று எழுதித் தரும்படி ஆலை நிர்வாகத்தினர் மல்லப்பனிடம் கேட்டார்கள். அவர் பேனாவை எடுத்தும்விட்டார். ராணி தடுத்தார்.

“அவரு படிச்சாருங்க. படிச்சதுனாலதான் மூணு வரைக்கும் காத்திருந்தாரு. எங்களுக்குப் புரியற மாதிரி நீங்க எழுதலைங்களே.”

அந்தத் தாள் எழுதப்படவில்லை. மறுவாரம் அதே பலகையில் கன்னடத்திலும் தமிழிலும், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று முழுதாக எழுதினார்கள்.

நான் மல்லப்பன் வீட்டுக்குப் போய், பாடத்தைத் தாண்டியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். வலது கையால் காப்பியை நீட்டி, “விடுங்க சார், ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்குதுங்களா?” என்றார்.

அவர் மன்னித்தார். என் மனம் அமரவில்லை. நாளைக் காலையில் எத்தனை பஸ்கள் ஹெப்பாளுக்குப் போகும்? எத்தனை பலகைகள்? எத்தனை பேர் பாதி புரிந்து, மீதியை ஊகித்து, கையை உள்ளே விடுவார்கள்? தெரியவில்லையா, கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், மறுபடியும் கேளுங்கள். பலகை எழுதுகிறவரைப் பிடித்து நிறுத்திக் கேளுங்கள். கேட்ட வாய் சிறுத்ததில்லை. கேளாத கைதான் சிதைந்திருக்கிறது.

செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி. போர்த்திய பொன்னாடையை ராணிக்கு உரியதென ஒப்படைத்து, உங்கள் ஒவ்வொருவரின் இரு கைகளையும் வணங்கி விடைபெறுகிறேன்.