அஞ்சும் பிழை

— முதல் தரம் மூக்குக் கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன் எண்டனீங்கள். ரெண்டாந்தரம் கொம்பியூட்டர் இறுகிப் போச்சுது எண்டனீங்கள். இண்டைக்கு என்ன சாட்டு?

— முதல்லை காரை எடும், இரஞ்சிதம். பார்க்கிங் பதினொரு மணியோடை முடியுது.

— முடியட்டும். பைன் அடிக்கட்டும். வயசுபோன ஆக்களைப் பாக்கிற வேலை, லீவு கேட்டால் மூஞ்சையைச் சுழிப்பினம். அதையும் கேட்டுப்போட்டு வந்து இந்தப் பரமட்டாக் கார்ப்பார்க்கிலை தவம் கிடக்கிறன். நீங்கள் பன்னிரண்டு நிமிசத்திலை வெளியிலை வந்து பெயில் எண்டுறியள்.

— பெயில் எண்டால் பெயில்தானே. ஐம்பத்தெட்டு வயசு மூளை, விளங்குதோ, பழைய சைக்கிள் செயின் மாதிரி. இடைக்கிடை கழரும்.

— உந்த மூளைதான் போன மாசம் வென்ட்வேர்த்வில் லைப்ரரியிலை பதினொரு பேரை இருத்தி வைச்சுச் சிற்றிசன்ஷிப் ரெஸ்டுக்குப் படிப்பிச்சது. அதிலை எழுதின எல்லாரும் பாஸ். படிப்பிச்ச மாஸ்டர் மட்டும் மூண்டு தரம் பெயில். கடையிலை மரக்கறி நிறுக்கிறவன்கூட என்னைப் பாத்துச் சிரிக்கிறான்.

— சிரிக்கிறவை சிரிக்கட்டும்.

— அந்தத் தாளைத் தாங்கோ.

— எந்தத் தாள்?

— சேட்டுப் பொக்கெற்றுக்குள்ளை நாலாய் மடிச்சு வைச்சிருக்கிற தாள். கதையை விடுங்கோ, தாங்கோ.

— உதிலை பாக்க ஒண்டுமில்லையப்பா. சரி, சரி, கிழிக்காதையும். இந்தாரும்.

— இருபதுக்குப் பதினைஞ்சு. மெய்யே, பதினைஞ்சு எடுத்தால் பாஸெல்லே? நான் பதினாறு எடுத்துத்தானே பாஸ் பண்ணினனான்.

— அப்பிடி இல்லை. இருபதிலை அஞ்சு கேள்வி இந்த நாட்டின்ரை வால்யூஸ். பேச்சுச் சுதந்திரம், சமத்துவம், அப்பிடியான சாமான்கள். அந்த அஞ்சும் சரியா இருக்கவேணும். ஒண்டு பிழைச்சாலும் பெயில்.

— உங்களுக்கு அதிலை எத்தினை பிழை?

— பதினொரு மணியாகுது.

— எத்தினை எண்டு கேக்கிறன்.

— அஞ்சும்.

— அஞ்சுமோ!

— மாஸ்டர்! அருளம்பலம் மாஸ்டர்! கார்க் கண்ணாடியை இறக்குங்கோ. அன்ரி, வணக்கம்.

— ஆர், சுகிர்தனோ? நீரும் இண்டைக்கே எழுதினனீர்?

— ஓம் அன்ரி, மாஸ்டருக்குப் பக்கத்துக் கதிரை. இருபதுக்கு இருபது! எல்லாம் மாஸ்டரின்ரை வகுப்பாலைதான். மாஸ்டரைக் கேக்கத் தேவையில்லை, முழுசும் சரியாத்தான் இருக்கும்.

— சுகிர்தன், நாங்கள் கொஞ்சம் அவசரமாப் போகவேணும் தம்பி.

— பொறுங்கோ மாஸ்டர், அன்ரிக்கு இதைச் சொல்லவேணும். அன்ரி, நான் ஒவ்வொரு கேள்வியையும் மூண்டு தரம் வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். இவர் கேள்வியை வாசிக்கிறார், ஒரு சிரிப்பு. விடையை அமத்துறார். பேந்தும் வாசிக்கிறார், பேந்தும் ஒரு சிரிப்பு. ஒரு கேள்விக்கு வாய்விட்டே சிரிச்சிட்டார். அங்கை நிண்ட மனிசி எழும்பி வந்து பாத்தவ.

— அப்பிடியே? நல்லாச் சிரிச்சவரோ?

— சத்தியமா அன்ரி. படிச்ச மனிசன் படிச்ச மனிசன்தான். சரி, குவேக்கர்ஸ் ஹில்லிலை மனிசி போனுக்குப் பக்கத்திலை காத்துக்கொண்டு நிப்பா. சனிக்கிழமை கேக்கோடை வாறன். போட்டு வாறன் மாஸ்டர், போட்டு வாறன் அன்ரி.

— நல்ல பொடியன். கணக்கிலை மட்டும் கொஞ்சம் மந்தம்.

— என்ன கேள்விக்குச் சிரிச்சனீங்கள்?

— அவன் கூட்டிச் சொல்லுறான்.

— கதையை விடுங்கோ!

— குடும்பத்துக்குள்ளை கருத்து வேறுபாடு வந்தால் அடிக்கலாமோ எண்டு கேட்டிருந்தது.

— அதுக்கு?

— தாராளமா அடிக்கலாம் எண்டு அமத்தினன்.

— கரப்பான் பூச்சியைப் பேப்பரிலை ஏத்திக்கொண்டு போய் முத்தத்திலை விடுற மனிசன்! இஞ்சருங்கோ, ஒரு கேள்விக்கு எத்தினை விடை போட்டிருக்கும்?

— மூண்டு.

— சிவனேஸ்வரி அக்கா ரெஸ்டுக்குப் பயந்து அழேக்கை வகுப்பிலை நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கோ? கண்ணை மூடிக்கொண்டு அமத்தினாலும் மூண்டிலை ஒண்டு சரியா விழும். எல்லாத்தையும் பிழையா விடுறதெண்டால் எல்லாத்துக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கவேணும் எண்டு.

— அது நிகழ்தகவு. சும்மா அவவைத் தேத்திறதுக்குச் சொன்னனான்.

— அதைத்தான் நானும் சொல்லுறன். மற்றப் பதினைஞ்சும் சரி, இது அஞ்சும் பிழை. இருபது வருசம் கணக்குப் படிப்பிச்ச ஆளுக்கு ரெண்டைச் சரியா விட்டிட்டு மூண்டைப் பிழை விடத் தெரியேல்லை. கள்ளத்திலையும் முழுப் புள்ளி எடுக்கப் பாத்திருக்கிறியள்.

— கெட்டிக்காரி. சரி, வேணுமெண்டுதான் விட்டனான். காணுமே?

— காணாது. மூண்டு தரமுமோ?

— மூண்டு தரமும்.

— இன்னும் ரெண்டு வருசத்திலை உங்களுக்கு அறுபது. அறுபது வந்தால் ரெஸ்டே இல்லையாம். அப்ப எப்பிடிப் பெயில் விடுவியள்?

— அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்.

— பகிடி விடாதேங்கோ. ஏனப்பா உப்பிடிச் செய்யிறியள்? நான் மாசியிலை சிற்றிசன்ஷிப் சத்தியம் எடுத்து மேயரின்ரை கையாலை ஒரு செடியும் வாங்கிக்கொண்டு வந்தனான். நீங்கள் கை தட்டேல்லை. வீடியோ எடுக்கிறன் எண்டு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். ஒரு வீடியோவும் இல்லை. அந்தச் செடியும் பட்டுப்போச்சு. அதுவும் நீங்கள்தானோ?

— இனிச் செடிக்கும் என்னைத்தான் பிடிப்பீர். அது வெயில்.

— கராஜுக்குள்ளை கதவைச் சாத்திப்போட்டு ஆரோடை கதைக்கிறியள்? அதுவும் சிங்களத்திலை. நான் காது குடுத்துக் கேட்டனான்.

— வேலையிலை பண்டார எண்டொருத்தன் இருக்கிறான். அவனோடை கதைச்சுப் பழகிறன்.

— பதினேழு வருசம் இஞ்சை இருந்து இங்கிலிஸ் பழகப் பஞ்சிப்பட்ட ஆள், இப்ப சிங்களம் என்னத்துக்கு?

— கேக்கிறதுக்கு.

— என்னத்தைக் கேக்க?

— உமக்குத் தெரியுமெல்லே. வசாவிளான் காணியை.

— அங்கையிருந்து ஆராவது கதைச்சவையோ?

— ஆர் கதைக்கிறது? அண்ணன் கனடாவிலை, பக்கத்துக் காணிக்காரர் லண்டனிலை. தொண்ணூறாம் ஆண்டிலையிருந்து ஆமி வேலிக்குள்ளை கிடக்கு. இப்ப ஒவ்வொரு துண்டா விடீனமாம் எண்டு பேப்பரிலை பாத்துப்போட்டு கச்சேரியிலை அரசாங்க அதிபருக்கு நாலு கடிதம் போட்டன். ஒரு பதில் இல்லை.

— ஒருத்தரும் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?

— இல்லையெண்டுறன். ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கிறீர்?

— சும்மா.

— இஞ்சை பாரும், இரஞ்சிதம். நான் இந்தச் சத்தியத்தை எடுத்தால் என்ரை இலங்கைப் பாஸ்போட் போயிடும். பேந்து காணியை விட்டினமெண்டு வையும். நான் ஆராப் போறது? முப்பது நாள் விசாவிலை, ரிற்றேண் ரிக்கற்றைக் காட்டிக்கொண்டு, என்ரை கிணத்திலை தண்ணி அள்ளப் போகவோ?

— எல்லாரும் அப்பிடித்தானே போகினம். போய்ப் படம் எடுத்துப் போடீனம்.

— எல்லாரையும் விடும். நான் வேலை செய்யிற வெயர்ஹவுசிலை என்ரை பேர் என்ன தெரியுமே? ஆல். அருளம்பலம் அவங்களுக்கு வாயுக்குள்ளை வராதாம். ஆல், அந்தப் பெட்டியைத் தூக்கு. ஆல், இதிலை ஒட்டு. என்னை ஒருத்தர் மாஸ்டர் எண்டு திரும்பக் கூப்பிட்டதே இந்த ரெஸ்டு வகுப்பாலைதான். இந்த நாட்டுக்காரராகிறதுக்கு மற்ற ஆக்களுக்குப் படிப்பிச்சால்தான் நான் மாஸ்டர்.

— எனக்கு மட்டும் இஞ்சை இனிக்குதோ? வங்கியிலை காத்தாடிக்குக் கீழை இருந்தனான். இப்ப மற்ற ஆக்களின்ரை தாய்மாரைக் குளிப்பாட்டுறன். என்ரை தாயின்ரை செத்தவீட்டைப் போனிலை பாத்தனான், அதுவும் பாதியிலை சிக்னல் அறுந்து போச்சுது. பேந்து ஷிப்ற்றுக்கு ஓடினனான். இருந்தும் சொல்லுறன், இரவிலை நாய் குரைச்சால் நான் இஞ்சை எழும்புறேல்லை. அது எனக்குக் காணும்.

— தெரியும்.

— தெரியாது உங்களுக்கு. உங்கடை காணிக்குப் போறதெண்டால் அந்தச் சந்தியைத் தாண்டவேணும். ஆமிக்காரர் சஞ்சீவைப் பஸ்ஸாலை இறக்கினது அந்தச் சந்தியிலை. என்ரை தம்பி, அடையாள அட்டையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு இறங்கினவன். பஸ் அவனை விட்டிட்டுப் போயிட்டுது. நான் பஸ்ஸுக்குள்ளை இருந்தனான். அந்தச் சந்தியைத் தாண்டி நான் மரக்கறி வாங்கப் போகவோ?

— அதாலைதான் உமக்குச் சொல்லேல்லை.

— என்னத்தைச் சொல்லேல்லை?

— கோவிக்கப்படாது.

— சொல்லுங்கோ.

— அடுத்த மாசம் பதினாலாம் திகதி ரிக்கற் போட்டிருக்கிறன்.

— நினைச்சனான்! ஒண்டரை மாசமா உங்கடை முகத்தைப் பாத்துப் பாத்து நினைச்சனான். மகள் மிருணாக்குத் தெரியுமோ?

— அவளுக்கும் தெரியாது. மெல்பேணிலை அவளுக்கு வேலையே தலைக்கு மேலை.

— ஒன்வேயோ?

— ரிற்றேண். இந்தாரும், போனிலை பாரும். பத்து நாள். என்னைப் பற்றி உப்பிடித்தான் நினைக்கிறீரோ?

— இருபதிலை அஞ்சை வேணுமெண்டு பிழை விடுற ஆளைப் பற்றி எப்பிடி நினைக்கிறது? பத்து நாளிலை என்ன செய்யப் போறியள்?

— நேரை கச்சேரிக்குப் போவன். அங்கை கை விரிச்சால் ஆமிக் காம்ப் வாசலுக்குப் போய்ச் சிங்களத்திலை கேப்பன். எனக்கு ஒரு பதில் வேணும், அவ்வளவுதான். விடமாட்டம் எண்டால் சரி. திரும்பி வந்து அந்தக் கிழமையே எழுதிறன், இருபதுக்கு இருபது. நீர் மேயரோடை நிண்டு எடுத்த மாதிரி நானும் படம் எடுக்கிறன்.

— விட்டிட்டம் எண்டு சொன்னால்?

— அதை விடமாட்டாங்கள்.

— விட்டிட்டம் எண்டு சொன்னால் என்ன செய்வியள்? நேரைச் சொல்லுங்கோ. என்னை இஞ்சை விட்டிட்டுப் போவியளோ?

— விசரே உமக்கு? உம்மை விட்டிட்டு அங்கை போய் நான் ஆருக்குச் சமைச்சுக் குடுக்கிறது? காணி என்ரை பேரிலை திரும்பி வரவேணும். வேலிக்குள்ளை ஒருக்கா நடக்கவேணும். பேந்து பூட்டிப்போட்டு வந்திடுவன். நீர் வராத இடத்திலை நான் இருக்கமாட்டன். இதைக்கூட உமக்குச் சொல்லித் தெரியவேணுமோ?

— இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே.

— நீர் பயப்பிடுவீர் எண்டு நினைச்சன்.

— முதலே சொல்லியிருக்கலாம்.

— என்னப்பா, ஏன் அழுறீர்? இப்ப சொல்லியாச்சுதானே. காரை நான் ஓடட்டோ?

— ரிக்கற்றைக் கான்சல் பண்ணுங்கோ.

— திரும்பவும் தொடங்கிட்டீர். ஒருக்காக் கேட்டிட்டு வாறதிலை என்ன குறைஞ்சு போகுது?

— கேட்டால் பதில் போட்டாச்சு எண்டு சொல்லுவினம்.

— ஆருக்குப் போட்டவையாம்?

— கச்சேரிக் கடிதம் போன ஆவணியிலை வந்தது. நீங்கள் வேலையிலை. நான்தான் தபால் பெட்டிக்குள்ளையிருந்து எடுத்தனான். உங்கடை காணி விடுபட்டிருக்கு, சொந்தக்காரர் ஆறு மாசத்துக்குள்ளை நேரிலை வந்து கையெழுத்து வைக்கவேணும், வராட்டில் உரிமை இல்லாமல் போகும் எண்டு கிடந்தது. மாசி மட்டும் வாய் திறக்காமல் நாள் எண்ணிக்கொண்டு இருந்தனான். அந்த ஆறு மாசம் முடிஞ்ச பிறகுதான் நான் போய்ச் சத்தியம் எடுத்தனான்.