விருப்பமில்லாமல் கொடுத்த வில்லிங்

பிள்ளைகளே, வெளியூர் வேலைக்குப் போகச் சம்மதம் சொல்வதை நெய்வேலிச் சுரங்கத்தில் ‘வில்லிங் கொடுப்பது’ என்பார்கள். சில வருடங்களுக்கு முன், குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்தவர் தன் மனைவியிடம் சொன்னார்:

“ராஜஸ்தான் சுரங்கத்துக்கு வில்லிங் குடுத்துட்டேன். ஆனா போவ விருப்பமில்ல.”

“விருப்பமில்லாம ஏன் குடுத்தீங்க? யாராவது மிரட்டுனாங்களா?”

“இல்ல. யாரும் குடுக்கலன்னா கடைசியா வேலைக்குச் சேந்தவன அனுப்பிடுவாங்க. அது நம்ம செல்வம். அவன் பொண்டாட்டிக்கு நிறைமாசம்.”

“ஊருக்கெல்லாம் நல்லவரு. வூட்டுல ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேட்டா வேணாம்னுவ.”

“வேணாம்னுதான் சொல்லுவேன். ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு நான் தனியா என்ன பண்ணுவேன்?”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நெய்வேலி ஆர்ச் கேட் ஸ்டாப்பில் இறங்க எழுந்தபோதுதான் மறுபடி பேசினார்.

“அங்க குளிரு ஜாஸ்தியாம். ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கிக்கலாம்.”

“சரி.”

“செல்வம் வூட்ல, உனக்காகத்தான் போறேன்னு சொல்லிக்கினு இருக்காதீங்க. புள்ளத்தாச்சி, மனசு கஷ்டப்படும்.”