தகட்டில் இருக்கும் ஆள்

— இது என் தம்பி இல்ல சார். வேற யாரோ.

— அம்மா, முதல்ல உட்காருங்க. பேரு, நம்பர், படைப்பிரிவு எல்லாம் நினைவுத் தகட்டுல சரியாத்தானே இருக்கு?

— பேரு சரி. பேருக்குக் கீழ இருக்கிற ஆளைத்தான் எனக்குத் தெரியல. 'எதிரியின் அரணை நோக்கித் தன்னந்தனியாகப் பாய்ந்து, ஒன்பது பேரை வீழ்த்தி வீரமரணம் எய்தினார்.' ஒன்பது பேரை எண்ணினது யாரு? நான் அச்சகத்துல பதினெட்டு வருஷமா பிழை திருத்துறவ. ஒரு எழுத்து மாறியிருந்தா அடிச்சுட்டு மேல எழுதிடுவேன். இதுல எதை அடிக்கிறது? மொத்தத்தையும்தான் அடிக்கணும்.

— அதாவது, நீங்க துக்கத்துல இருக்கீங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு, அவர் படிச்ச பள்ளிக்கூடத்துச் சுவர்ல இதைத் திறக்கப்போறோம். இந்த நேரத்துல வந்து இப்படி...

— துக்கத்தை வீட்டுல வச்சுட்டு வந்திருக்கேன். அவன் எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரியும் சார்.

— யார் சொன்னது?

— வெளியில பெஞ்சுல ஊன்றுகோலோட உட்கார்ந்திருக்கானே, நெட்டை, அவன் சொன்னான். என் தம்பியோட ஒரே பதுங்குகுழியில கிடந்தவன். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். குன்றைப் பிடிக்க முடியாதுன்னு ஆனதும் எல்லாரையும் இறங்கி வரச் சொல்லி உத்தரவு வந்துச்சாம். நடக்க முடிஞ்சவங்க இறங்கிட்டாங்க. முடியாதவங்க மூணு பேரு மேலயே கிடந்திருக்காங்க. என் தம்பி ஒரு பாறைக்குப் பின்னாடி துப்பாக்கியை இறக்கி வச்சுட்டு, திரும்ப ஏறினானாம். பட்டாளத்துல சேருறதுக்கு முன்னாடி ஆறு வருஷம் சரக்குக் கிடங்குல மூட்டை தூக்கினவன் சார் அவன். படையிலயும் அவனை 'மூட்டை'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஒருத்தரைத் தோள்ல போட்டு இறக்கியிருக்கான். போய் இன்னொருத்தரை இறக்கியிருக்கான். மூணாவது நெட்டை. நாலாவது தடவை போனப்பதான் குண்டு பட்டிருக்கு. அன்னிக்கு அவன் ஒருத்தரையும் சுடல.

— அம்மா, அது உத்தரவு மீறல். துப்பாக்கியைக் கீழ வச்சுட்டுப் போனது அதைவிடப் பெரிய தப்பு. அதாவது, அவர் மேல ஒரு கறையும் படியக்கூடாதுன்னுதான் வாசகத்தைக் கொஞ்சம் மாத்தி...

— கறை யார் மேல படியும் சார்? அடிபட்டுக் கிடந்தவங்களை அப்படியே விட்டுட்டு இறங்கச் சொன்னாரே, அவர் மேலதானே?

— அது விசாரணையில இருக்கு.

— விசாரணை முடியுறதுக்குள்ள தகட்டைச் சுவர்ல அடிச்சுடணும். அப்படித்தானே? மூணு பேரைக் காப்பாத்தினவனை, ஒன்பது பேரைக் கொன்னவன்னு எழுதி வச்சிருக்கீங்க. நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இதை எழுத்துக்கூட்டிப் படிக்கும். அவன் உயிரோட இருந்தா கூச்சத்துல அந்தத் தெருப் பக்கமே போகமாட்டான்.

— என்னால மாத்த முடியாதும்மா. மேலிடத்துல கையெழுத்தாகி வந்த வாசகம். சரி, நான் ஒண்ணு கேட்கிறேன். அடிபட்டவங்க மூணு பேரு. மூணு பேரையும் இறக்கியாச்சு. அப்புறம் நாலாவது தடவை எதுக்குப் போனாரு?

— அது... நெட்டை அதைச் சொல்லல. அதுக்குள்ள மயங்கிட்டேன்னு சொன்னான்.

— அவரை உள்ள கூப்பிடுங்க.

— நெட்டை, இங்க வாப்பா. பார்த்து, வாசப்படி இருக்கு. இந்த நாற்காலியில உட்காரு. சார் என்ன கேட்கிறாருன்னா...

— கதவு திறந்துதான் இருந்துச்சு அக்கா. எல்லாம் கேட்டுச்சு.

— அப்ப நீயே சொல்லு.

— நான் மயங்கல. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். கீழ படுத்துக்கிட்டு எல்லாத்தையும் பார்த்தேன். மேல ஒருத்தன் கதறிக்கிட்டே இருந்தான். 'போகாதடா'ன்னு மூட்டையோட காலைப் பிடிச்சேன். உதறிட்டுப் போயிட்டான்.

— யாருப்பா கதறினது?

— நம்ம ஆளு இல்ல அக்கா. அவங்க ஆளு. வயித்துல காயம்.

— நம்ம ஆளுன்னு நினைச்சுப் போயிட்டானா?

— பட்டப்பகல் அக்கா. உடுப்பு நல்லாத் தெரியுது. பாஷையும் வேற. 'அது நம்ம ஆளு இல்லடா'ன்னு கத்தினேன். 'காது கேட்குதுடா எனக்கு'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அந்த ஆளைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பாதி தூரம் வந்துட்டான். எந்தப் பக்கம் இருந்து சுட்டாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியல. குண்டு பட்டதும் அவனைக் கீழ விட்டுட்டு, அவன் மேலயே கவுந்து படுத்துக்கிட்டான். அப்புறம் எந்திரிக்கல.

— இப்பப் புரியுதாம்மா? இதையா எழுதச் சொல்றீங்க? அதே குன்றுல பிள்ளையைப் பறிகொடுத்தவங்க நாளைக்கு முன்வரிசையில உட்கார்ந்திருப்பாங்க. அவங்க முன்னாடி இதைப் படிச்சா உங்க தம்பியை என்ன பேசுவாங்க? அதாவது, நாங்க மறைச்சது அவருக்காகவும்தான்.

— நெட்டை, நீ ஏன்டா என்கிட்ட மறைச்சே?

— பயமா இருந்துச்சு அக்கா. நீங்க அவனை வெறுத்துடுவீங்களோன்னு.

— நல்லாப் பயந்தே போ. சார், அவங்க என்ன வேணும்னாலும் பேசட்டும். என் முகத்துக்கு நேராத் திட்டட்டும். அவன் செஞ்சதுக்குத்தானே, நான் வாங்கிக்கிறேன். செய்யாததுக்கு நீங்க போடுற மாலையைத்தான் என்னால வாங்க முடியாது. கையில துப்பாக்கி இல்ல, போன்னு யாரும் சொல்லல, தன் ஆளு இல்லன்னும் தெரியும். அப்படியும் ஏறியிருக்கான். உங்க புத்தகத்துல இதுக்குப் பேரு என்ன சார்?

— எங்க புத்தகத்துல இதுக்குப் பேரு இல்லம்மா.

— இல்லாம போகட்டும். நாளைக்கு விழாவுக்கு நான் வரல.

— குடும்பத்துல இருந்து யாரும் வரலன்னா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?

— உண்மையைச் சொல்லிப் பாருங்க. நெட்டை, அந்த ஆளு என்ன ஆனான்? அவனும் போயிட்டானா?

— பிழைச்சுட்டான் அக்கா. மூட்டையை எடுக்கப் போனவங்க அவனையும் தூக்கிட்டு வந்துட்டாங்க. எங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்கான், பின்பக்கம் கைதிங்க வார்டுல. தன் மேல கவுந்து கிடந்தவன் பேரு என்னன்னு தினமும் நர்ஸுங்ககிட்ட கேட்கிறானாம். யாரும் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு.

— சார், அந்த வார்டுக்குள்ள போக எனக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க. பேரை நான் போய்ச் சொல்றேன்.